மாம்பாலும் ஒரு மாப்பிள்ளை முதுகும்

“செடியில இருந்து வர்றதுதானே சிஸ்டர், அது என்ன செஞ்சிரப் போகுது?” என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சுள்ளென்று வரும். எருக்கம்பால் எதிலிருந்து வருகிறது? காஞ்சொறியை என்ன ஃபாக்டரியிலா செய்கிறார்கள்? முப்பத்தொரு வருடம் தோல் பிரிவில் நர்ஸாக இருந்தவளிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கோபம் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் பழைய பிரிவில் இருக்கும் சின்ன நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். ஒட்டுப் பரிசோதனைக்கு இப்போது எல்லாமே ரெடிமேடாக வருகிறதாம். அட்டையை உரித்து நோயாளியின் முதுகில் ஒட்டினால் வேலை முடிந்ததாம். “நீங்கள்லாம் இலையையும் பாலையும் நீங்களே எடுத்து ஒட்டுவீங்களாமே அக்கா, எழுதித் தாங்களேன், படிச்சுச் சிரிப்போம்” என்றாள். சிரிக்க நிறைய இருக்கிறது. நடுவில் சிரிக்க முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வன்னியம்பட்டிக்காரி. மதுரையில் நர்ஸ் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன், விடுதிச் சாம்பாரைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பிறகு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே தோல் பிரிவு என்பது ஒரு டாக்டரம்மா, ஒரு நான், ஓடுவதைவிடச் சத்தம் அதிகம் போடும் ஒரு மின்விசிறி.

டாக்டரம்மா உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றைக் கட்டுத்துணியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தாலியை மறந்தாலும் மறப்பார், அதை மறக்கமாட்டார். நான் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். “டாக்டர், அந்த அம்மாவுக்கு அரிப்பு குறைஞ்சிருச்சாம்.” “கண்டதா, கேட்டதா?” கேட்டது என்றால் நான் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகவும் கோபம் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பார். எத்தனை தடவை துடைக்கிறார் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பேன்.

ஒட்டுப் பரிசோதனை அவருக்குப் பூஜை மாதிரி. உளுந்து வடையின் ஓட்டை அளவுக்குச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒரு பிளாஸ்திரியில் பத்து. நோயாளி தினமும் தொட்டுப் புழங்கும் பொருளை வாசலினில் கலந்து கிண்ணத்துக்கு ஒன்றாக வைப்போம். ஒரு கிண்ணத்தில் வெறும் வாசலின். முதுகைத் துடைத்துக் காயவிட்டு, கீழிருந்து மேலாக, காற்று புகாமல் அழுத்தி ஒட்டவேண்டும். பக்கத்தில் அழியாத மையால் எண் போடவேண்டும். டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் ஒரு முதுகை வரைந்து அதிலும் அதே எண்களைப் போடுவார். இரண்டு நாள் குளிக்கக்கூடாது, வேர்க்கக்கூடாது, சொறியக்கூடாது. மூன்றாம் நாள் பிரித்ததும் உடனே பார்க்கமாட்டார். பிளாஸ்திரி இழுத்த சிவப்பு அடங்க அரைமணி நேரம் உட்காரவைத்துவிட்டு, விரலால் தடவி மேடு இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச்சொல்வார். “வெறும் எரிச்சல்னா நாளாக ஆகத் தணியும். ஒவ்வாமைன்னா நாளாக ஆக ஏறும். அதனாலதான் ரெண்டு தடவை” என்பார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. காட்டிலிருந்து வரும் பொருள் யார் தோலில் பட்டாலும் பொத்துப்போகக் கூடியதாக இருக்கலாம். அதனால் ஒத்துப் பார்க்க ஆரோக்கியமான இன்னொரு முதுகு வேண்டும். அந்த முதுகு என்னுடையது. “உன் முதுகைப் பாத்தா பஞ்சாங்கம் மாதிரி கட்டம் கட்டமா இருக்கு, ராகு எங்க நிக்கிதாரு?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

இனி மாப்பிள்ளை கதை.

ஒரு சித்திரை மாதம், காலை ஓ.பி.யில், முகம் பணியாரமாக உப்பிய ஒருவரை மாமனார் கூட்டிவந்தார். இடுப்பில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. கண் இரண்டும் கோடாகத்தான் தெரிந்தன. ஆனால் நின்ற நிலை மட்டும் விறைப்பு. பெயர் கருப்பசாமி. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சொந்த ஊர் கமுதிப் பக்கம். சோழபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு, தோப்பைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு வந்திருந்தார்.

“மூணாவது வருசமா ஆத்தா வந்திருக்கா சிஸ்டர். எங்க மாப்பிள்ளை மேல அவளுக்கு அம்புட்டுப் பிரியம்” என்றார் வெள்ளைச்சாமி. அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்கவைத்திருக்கிறார்கள். மகள்காரிதான் அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா கழுத்துக் கண்ணாடியை எடுத்து அவருடைய முன்கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளக் கோடுகளாகக் கொப்புளம். மேலிருந்து ஏதோ வடிந்து இறங்கிய தடம் மாதிரி.

“பட்டாளத்துல இருந்தப்ப இப்படி வந்திருக்கா?”

“இல்ல மேடம்.”

“உங்க ஊர்ல மாமரம் உண்டா?”

“கருவேலத்தத் தவிர வேற மரம் பாத்ததில்ல மேடம். பழத்தை வெட்டிக் குடுத்தாத் திம்பேன். காயப் பறிச்சது இங்க வந்துதான்.”

“வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டினது யாரு?”

வெள்ளைச்சாமி பெருமையாகச் சொன்னார்: “அவியதான். எங்க வீட்டுல அவிய தானே உசரம். மேலுக்கு முடியாட்டியும் ஆத்தாளுக்குத் தோரணம் கட்டிட்டுத்தான் படுத்தாக.”

பச்சை மாவிலைக் காம்பு ஒடிந்தால் அதிலும் பால் வரும். நோயை வரவேற்க நோயாளியே தோரணம் கட்டியிருக்கிறார். நான் சிரிப்பை அடக்க ஸ்டெரிலைசர் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாத்திரையும் களிம்பும் எழுதினார். “எனக்கு மாம்பால் மேல சந்தேகம். ஆனா சந்தேகம் கண்டதாகாது. தோல் நல்லா ஆறட்டும், சோதிச்சுப் பாத்துடலாம்” என்றார்.

வெளியே வந்ததும் வெள்ளைச்சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏம்மா சிஸ்டர், குண்டுக்கு நிண்ட மனுசனுக்கு மாங்கா அரிக்குதுன்னா ஊரே சிரிக்காதா? எனக்கு வயசாச்சு. பிளாட் போடுறவன் வாரத்துக்கு ரெண்டு தடவை வாரான். தோப்பப் பாக்க ஆளில்லன்னா கையெழுத்துப் போட்டுற வேண்டியதுதான்.”

அவர் மருந்து வாங்கப் போன பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். “சிஸ்டர், தோப்பு போயிட்டா எனக்குச் செக்யூரிட்டி வேலதான். பதினேழு வருசம் அடுத்தவன் வாசல்ல நின்னாச்சு. இனி ஒரு மரத்தடியில உக்காரணும். அம்புட்டுத்தான் ஆச.” உப்பிய முகத்தில் அந்தக் கண்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோல் நன்றாக ஆறிப் புரட்டாசியில் சோதனை வைத்தோம். முதலில் வியாழக்கிழமை ஒட்டலாம் என்றேன். மாமியார் பேச்சியம்மா பதறிப்போனார்: “சனிக்கெழம திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பெருமாளுக்கு நேந்திருக்கேன் தாயி, மலை ஏறுனா வேர்க்குமே!” நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைதான். பெருமாளை முந்த முடியாமல் திங்கட்கிழமைக்கு மாற்றினோம். மாவிலை கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச்சாமி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும் அளவுக்குக் கொண்டுவந்து இறக்கினார். வாட்ச்மேன் வந்து ஆஸ்பத்திரியில் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இலைக் காம்பின் பால், அரைத்த இலை, அவர் தோப்பில் தெளிக்கும் மருந்தைப் பல மடங்கு கரைத்தது, கையுறை ரப்பர், வெறும் வாசலின். அவர் முதுகில் ஒரு வரிசை, என் முதுகில் ஒரு வரிசை. புதன்கிழமை பிரித்தோம். அவருக்கு மாம்பால் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே கொப்புளமே கட்டிவிட்டது. மற்ற இடங்கள் வெறுமை. என் முதுகில் எங்கேயும் ஒரு புள்ளி இல்லை.

வெள்ளைச்சாமி என் பக்கம் கைநீட்டினார். “சிஸ்டருக்கு ஒண்ணுமில்லையே! எனக்கு அறுபத்தஞ்சு வருசமா ஒண்ணுமில்ல. அப்ப மாங்காமேல என்ன குத்தம்?”

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் ஒரு கதை வருகிறது என்று அர்த்தம்.

“உங்க தோப்புல நாய் இருக்கா?”

“ராஜபாளையத்து நாய்ம்மா. வெள்ளை வெளேர்னு.”

“அது உங்க மகளக் கண்டா குரைக்குமா?”

“அதெப்படிம்மா? குட்டியில இருந்து அடுப்படியில கெடந்து பாத்ததாச்சே.”

“சுவரேறிக் குதிக்கிறவனை?”

“தொடையப் பிச்சிரும்.”

“நம்ம உடம்புலயும் அந்த மாதிரி காவல் செல்கள் இருக்கு. நீங்களும் சிஸ்டரும் பால் வடியிற பிஞ்சைச் சின்ன வயசுலயே கடிச்சுத் தின்னவங்க. வாய் வழியா, வயித்து வழியா வந்ததை உடம்பு பெரும்பாலும் விருந்தாளின்னு எடுத்துக்கும். குடல்ல ‘அடங்கு, இது நம்ம ஆளு’ன்னு மத்ததைத் தட்டி உக்காரவைக்கிற செல்களும் உண்டு. அதுக்குப் பேருதான் பொறுத்துக்கிற குணம். மாம்பால்ல எண்ணெய்ப் பசையா ஒரு பொருள் இருக்கு. வண்ணார் துணிக்குக் குறி போடுற சேங்கொட்டையில இருக்கே, அந்த வகையறா. இவருக்கு அது முதல்முதலா வந்தது தோல் வழியா, சுவரேறி. காவல் செல் முகத்தைப் பாத்து வச்சுக்கிச்சு. இனி எப்ப வந்தாலும் கடிக்கும். உடனே கடிக்காது, ஒண்ணு ரெண்டு நாள் ஆள் திரட்டிட்டு வந்து கடிக்கும்.”

அதற்குள் வீட்டார் நாயைப் பற்றித் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டதால், பிறகு அவர் சொன்ன ஒரு வரி என் காதில் மட்டும்தான் சரியாக விழுந்தது. அந்த வரிதான் முக்கியம். அதை நான் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கும் நான் அதைப் பிறகுதான் சொல்லலாம் என்று விட்டேன்.

வெள்ளைச்சாமி தாடையைச் சொறிந்துகொண்டார். “சரி, வர்ற சித்திரை அறுப்பு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வழி பொறக்கலன்னா கையெழுத்துதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பஸ் ஸ்டாப்பில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். டாக்டர் சொன்னது காதில் ஏறியும் ஏறாமலும் இருந்தது அவருக்கு. “நாய் நாய்ன்னாகளே, என்னன்னு செத்த நேரம் சொல்லு தாயி” என்றார். எனக்கும் கதை சொல்லும் ஆசை. நாயைச் சொன்னேன், அடுப்படியைச் சொன்னேன், சுவரேறி வந்தவனைச் சொன்னேன், வாய் வழியாக வந்தால் விருந்தாளி என்றேன். கையை ஆட்டி, குரைத்தும் காட்டினேன். கடைசி வரிக்கு வருவதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. “வாரேன் தாயி, நல்லா வெளங்கிருச்சு” என்று ஏறிப் போய்விட்டார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

மாசி மாதம் பிறந்தது. தோப்பில் மாவடு இறங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாமனார் தோளைப் பிடித்துக்கொண்டு கருப்பசாமி உள்ளே வந்தார். இந்தத் தடவை விறைப்பு இல்லை. உதடு இரண்டும் தடித்துத் தொங்க, கண் முழுக்க மூடியிருந்தது. கழுத்து, வயிறு, தொடை இடுக்கு எல்லாம் நெருப்பாகச் சிவந்திருந்தது. பேச வாயைத் திறந்தால் ஓரம் வெடித்து நீர் வடிந்தது. அவர் மனைவி கோதை பின்னால் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா முதலில் தொண்டையைப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார், மூச்சைக் கேட்டார். “தொண்டை வீங்கலை” என்றார். அதன் பிறகுதான் நான் மூச்சுவிட்டேன். ஊசி போட்டு உள்ளே சேர்த்தோம். உப்புத் தண்ணீரில் நனைத்த கட்டுத்துணியை முகத்தில் போடுவதும், காயுமுன் எடுத்து மாற்றுவதுமாக நான் பக்கத்திலேயே நின்றேன்.

“என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பேச்சியம்மா முந்தானையைக் கசக்கினார். “வடுதாம்மா. பாலோட. விருந்தாளியாக்கிறலாம்னு…”

கதை மெதுவாக வெளியே வந்தது. சித்திரைக்குள் உடம்பைப் பழக்கிவிட வேண்டும் என்று வீடே கூடி முடிவு செய்திருக்கிறது. அதிலும் ஆர்வம் மாப்பிள்ளைக்குத்தான். பட்டாளத்து டிரில் மாதிரி காலை ஆறு மணிக்கு எழுந்து, பால் வடிய வடியப் பறித்த வடுவைக் கடிப்பார். முதல் நாள் ஒன்று. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் இரண்டு. வாயோரம் லேசான அரிப்புதான். நாய் அடங்கிவிட்டது என்று பேச்சியம்மா பாயசம் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் மூன்று. நாய் அடங்கவில்லை, ஆள் திரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“வாய் வழியாக் குடுத்தா பழகிரும்னு யார் சொன்னது?” டாக்டரம்மாவின் குரல் இறங்கியது.

பேச்சியம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அந்த மனுஷிக்கு மனம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

“நான்தான் டாக்டர்” என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பதினொன்று வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

“அன்னைக்கு நான் கடைசியாச் சொன்னது என்ன சிஸ்டர்?”

“குட்டியிலதான் பழக்க முடியும், கடிச்சுப் பழகின நாய்கிட்ட ஆளை எந்த வாசல் வழியாவும் அனுப்பாதீங்கன்னு சொன்னீங்க.”

“அதைச் சொன்னீங்களா?”

“பஸ் வந்துருச்சு டாக்டர்.”

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது நான் பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்தார். காரணம் என்ற இடத்தில், ‘மாம்பால் உட்கொண்டது. நாங்கள் விளக்கியது முழுமையாகச் சேரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘சிஸ்டர்’ என்று எழுதவில்லை, ‘நாங்கள்’ என்று எழுதினார். ஷீட்டை மூடிவைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான்காம் நாள் கருப்பசாமிக்குக் கண் திறந்தது. திறந்ததும் என்னைப் பார்த்து, வெடித்த உதட்டோடு, “சிஸ்டர், அந்த நாய் எங்க ரெஜிமென்ட்டு போல” என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவர் வீட்டுக்குப் போகுமுன் டாக்டரம்மா வெள்ளைச்சாமியை உட்காரவைத்தார். “இவர் உடம்பு இனி மாம்பாலைப் பொறுக்காது. இவரை மாத்த முடியாது. தோப்பு வேலையை மாத்த முடியுமா?” என்று கேட்டார். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதினேன். காய் பறிப்பது, காம்பு ஒடிப்பது மற்றவர்கள். பால் வடியக் கவிழ்த்துவைத்துக் கழுவிய காயைத்தான் இவர் கிட்டே கொண்டுவர வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை. தண்ணீர் பாய்ச்சுவது, எடை, வியாபாரியோடு பேச்சு இவர் பொறுப்பு. பால் பட்ட கையோடு யாரும் இவரையோ இவர் துண்டையோ தொடக்கூடாது; சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான். தோரணம் கட்ட வேறு உயரமான ஆள் பார்க்கவேண்டும்.

“இதுக்கு எம்புட்டு நாளைக்கு?” என்றார் வெள்ளைச்சாமி.

“ஆயுசுக்கும்.”

அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர் கையெழுத்துப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

சித்திரை போனது. அவர்கள் வரவில்லை. வைகாசியில் பால்கோவா கடையில் கோதையின் அத்தை பெண்ணைப் பார்த்தேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன்: “டாக்டர், கருப்பசாமி நல்லா இருக்காராம்.”

அவர் நிமிரவே இல்லை. “கண்டதா, கேட்டதா?”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சோழபுரம் போனேன்.

அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தோப்பு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் கையில் ஃபைலோடு நின்றார். பிளாட்காரர்தான், பார்த்தாலே தெரிந்தது. பம்ப்செட் தொட்டியோரம் வெள்ளைச்சாமி குந்தியிருந்தார். அறுபத்தைந்து வருடமாக மாம்பாலைத் தூசாகக்கூட மதிக்காத கை இரண்டிலும் முழங்கை வரை சோப்பு நுரை. நகக்கண்ணைத் தேய்த்தார், கழுவினார், மறுபடியும் சோப்பைப் போட்டார்.

“அண்ணாச்சி, செத்த வாங்க, ஒரு வார்த்தை பேசிருவோம்” என்றார் ஃபைல்காரர்.

“இருங்கய்யா, மாப்பிள்ளைக்கு மோர் கொண்டுபோறேன். கை சுத்தமாகணும்.” பிறகு நுரைக்கையாலேயே காட்டினார். “தோப்பப் பத்தின பேச்சுன்னா அங்கன போய்ப் பேசுங்க. இனி அவியதான்.”

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் மாமரங்கள் நிற்கும் அந்தத் தோப்பின் மூலையில் ஒரே ஒரு புளியமரம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, எடைத் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கருப்பசாமி அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் வெள்ளை நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து குரைத்தது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அறைக்குள் நுழையும்போதே சொன்னேன்.

“கண்டது, டாக்டர்.”